அண்ணைக்குப் பந்து கொடுக்காத இரண்டாம் பாதி

எங்கள் அணியில் யார் கையில் பந்து கிடைத்தாலும் அடுத்ததாக அது அண்ணையிடம்தான் போகும். அப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. அண்ணை ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, மூச்சு வாங்கி முழங்காலில் கையூன்றி நின்றாலும் சரி, பந்து அவரைத் தேடிப் போய்விடும். அவர்தான் அணித் தலைவர், வயது ஐம்பத்தாறு. அவரைச் சுற்றி இரண்டு எதிராளிகள் நிற்பார்கள். பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவன் தனியே நின்று கையைக் காட்டுவான். என்றாலும் அண்ணையைத் தாண்டி அவனுக்குக் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் மனம் வராது. பந்தியில் மூத்தவர் இருக்கும்போது இளையவனுக்கு முதலில் சோறு போடுவார்களா? அதுபோலத்தான்.

இதைப் பகிடியாக எழுதவில்லை. அந்த அணிக்கு ஆட்டத் திட்டம் போட்டவன் நான்.

விளையாட்டு கேலிக் உதைபந்து, அயர்லாந்துக்காரரின் ஆட்டம். எங்கள் போட்டிகளில் பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம். ஆனால் நாலு எட்டுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. நிலத்தில் குத்த வேண்டும், அல்லது காலால் தட்டித் திரும்பக் கைக்கு எடுக்க வேண்டும். மற்றவனுக்கு எறியக்கூடாது. உதைக்கலாம், இல்லையென்றால் கையால் குத்தி அனுப்பலாம். கோலுக்குள் போனால் மூன்று புள்ளி. மேல் கம்பிக்கு மேலால், இரண்டு தூணுக்கும் நடுவே போனால் ஒரு புள்ளி. சுவிஸ் ஊர் மைதானங்களில் அவ்வளவு உயரத் தூண் கிடையாது. அதனால் சாதாரண கோல் கம்பத்தின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்களை நிமிர்த்திக் கட்டுவோம். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் அப்வார்ட் ஒவ்வொரு முறையும் வந்து, ஆட்டம் முடிந்த கையோடு கழற்றிவிட வேண்டும் என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போவார். நாங்களும் ஒவ்வொரு முறையும் தலையாட்டுவோம்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன தொடுப்பு என்றால், அண்ணைதான் தொடுப்பு. ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் அவர் சமையல். அதே இல்லத்தில் வேலை செய்த அயர்லாந்துத் தாதி ஒருத்தி ஒரு சின்னக் கழகத்தின் செயலாளர். இரண்டாவது அணிக்கு ஆள் போதவில்லை என்று அவள் சலித்துக்கொண்டபோது, “ஆளோ? ஆளுக்கென்ன பஞ்சம், எங்கட பெடியள் இருக்கிறாங்கள்” என்று சொல்லிவிட்டு வந்த மனுசன், ஒரே கிழமையில் பன்னிரண்டு பேரைக் கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினார். அதில் பாதிப் பேர் ஊரில் கரப்பந்தாட்டம் ஆடியவர்கள். உயரப் பந்துக்கு அந்தமாதிரி எழும்புவார்கள்; ஆனால் எழும்பிய வேகத்தில் பழக்க தோசத்தில் ஓங்கி அடித்துவிடுவார்கள். அடிக்காமல் பிடிக்கப் பழக்கவே ஒரு கோடை போயிற்று.

அந்தப் பன்னிரண்டு பேரில் அண்ணையின் கை படாதவன் ஒருவனும் இல்லை. ஒருவனுக்கு வேலை, ஒருவனுக்கு வீடு, ஒருவனுக்குப் பெண் பார்த்தது. என் விசயம் டாவோஸில் தொடங்கியது. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலம், ஒரு ஹோட்டலின் பாத்திரம் கழுவும் அறைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியவர் அவர். மேலதிகாரி கத்தும்போது நான் முழித்துக்கொண்டு நிற்பேன். அவர் ஓடி வந்து எனக்காகக் கதைப்பார். பிறகு அவர் மலையிலிருந்து ஓல்டனுக்கு இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன். இப்போது நான் ஒரு பெரிய களஞ்சியத்தில் லொறிகளுக்குத் திட்டம் போடுகிறவன்: எந்த லொறி எந்த வாசலில் நிற்பது, எதை முதலில் ஏற்றுவது, எதைக் கடைசியில் ஏற்றுவது. “நீ பிளான் போடுறவன்தானே தம்பி, எங்களுக்கும் ஒண்டைப் போடு” என்று அண்ணை சொன்னார். என் இடது முழங்கால் எப்போதோ போய்விட்டது. அதனால் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது என் உத்தியோகமாயிற்று.

புதன்கிழமை மாலைகளில்தான் பயிற்சி. எங்களுக்கு அது என்னவாக இருந்தது என்று வெளியாளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். எல்லாருக்கும் ஷிப்ட் வேலை. ஒருவன் துப்புரவுக்குப் போகும்போது மற்றவன் படுக்கைக்குப் போவான். சாமத்தியவீடு, செத்தவீடு தவிர ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. வேலையிடத்தில் நாள் முழுக்க மற்றவன் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வருகிற எங்களுக்கு, அந்த ஒன்றரை மணித்தியாலம் வாய் நிறையக் கத்தவும் ஏசவும் ஓர் இடம் இருந்தது. என்னிடம் ஒருத்தர் அபிப்பிராயம் கேட்கிற இடமும் அது ஒன்றுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகவே ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதன் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன வருடம் கோடை முடியும்போது அந்தத் தாதி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். கழகத்துக்கு மைதானம் கிடைப்பது கிழமையில் ஒரு மாலை. முதலாவது அணி வளர்ந்துவிட்டது, இடம் போதவில்லை. குழு கூடி முடிவெடுத்திருந்தது: செப்டம்பரில் எங்கள் மைதானத்தில் நடக்கும் போட்டியில் இரண்டாவது அணிக்கு மூன்று ஆட்டம். அதில் ஒன்றையாவது வெல்ல வேண்டும், அல்லது சமனாக முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அணி கலைக்கப்படும். நல்லாக ஆடுகிற மூன்று பேரை முதலாவது அணி எடுத்துக்கொள்ளும். அந்த மூன்று பேர் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். அதில் ஐம்பத்தாறு வயதுக்காரர் இல்லை.

“ஒரு ஆட்டம்தானே, பாப்பம்” என்றார் அண்ணை.

நான் களஞ்சியத்தில் மிச்சமான தாள்களின் பின்பக்கத்தில் கோடு கோடாகக் கீறினேன். பலசாலியோடு மோதும்போது அவனைப்போல ஆட நினைப்பவன் முட்டாள். அவர்கள் வேகமாக ஆடினால் நாங்கள் ஆட்டத்தை மெதுவாக்க வேண்டும். பந்து அவர்களிடம் போனதும் ஒன்பது பேரில் எட்டுப் பேர் எங்கள் பாதிக்கு ஓடி வந்துவிட வேண்டும். நடுவே வழி இருக்கக்கூடாது. பக்கவாட்டில் விட்டுக்கொடுக்கலாம், அங்கிருந்து அவர்கள் அடிக்கட்டும், காற்று பார்த்துக்கொள்ளும். பந்து எங்களிடம் வந்தால் தூரத்துக்கு உதைக்கவே கூடாது, உயரமும் பலமும் அவர்களுடையது. கிட்டக் கிட்டக் குத்திக் கொடுத்து, தனியே நிற்பவனைக் கண்டுபிடித்து, கோலுக்கு ஆசைப்படாமல் ஒவ்வொரு புள்ளியாக எடுக்க வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் அதுவரைக்கும் நாங்கள் காலில் நிற்க வேண்டும்.

இந்தத் திட்டம் முழுக்கத் ‘தனியே நிற்பவன்’ என்ற ஒரு சொல்லில் தொங்கியது. அங்கேதான் எங்கள் வழக்கம் வந்து குறுக்கே விழுந்தது.

சுவிஸில் பிறந்த மாணவன் ஒருவன் அணியில் இருந்தான், நல்ல ஓட்டக்காரன். அவன்தான் வாய் திறந்து கேட்டவன். “மாமா, ஏன் எல்லாரும் அவருக்கே குடுக்கினம்? அது லோகிஷ் இல்லையே, அதில ஒரு நியாயமும் இல்லையே.”

“அவர் நல்லா அடிப்பார்” என்றேன்.

“ஓம், நிண்டு அடிச்சா நல்லா அடிப்பார். ஆனா அவரை நிக்க விடமாட்டாங்களே.”

அவன் சொன்னது முழுக்க உண்மை. அண்ணையிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்த வலது கால். யாரும் தொடாமல் விட்டால், இருபது மீட்டரிலிருந்து பத்துக்கு ஒன்பது தடவை குழாய்களுக்கு நடுவே போகும். ஆனால் பந்து எப்போதும் அவருக்கே வரும் என்று தெரிந்த எதிராளி அவரைத் தனியே விடுவானா? இதை அண்ணையிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று புதன்கிழமை நினைத்தேன். மூன்று முறையும் அவர் பக்கத்தில் போய் நின்றேன். “அண்ணை, காத்து கொஞ்சம் கூட, என்ன?” என்று வேறு எதையோ சொல்லி வைத்தேன். தலை இருக்க வால் ஆடக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான், எந்த வாயால் சொல்வது?

போட்டி நாள் சனிக்கிழமை. முதல் இரண்டு ஆட்டமும் மதியத்துக்கு முன்பே தோல்வியில் போய்விட்டன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்றாவதாக வந்தவர்கள் பெரிய நகரத்துக்காரர்கள். வங்கியிலும் மருந்துக் கம்பனிகளிலும் வேலை செய்கிற, நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதே பந்தோடு வளர்ந்த ஆட்கள். ஒவ்வொருவனும் கதவு அகலம். அவர்களோடு வெல்லத் தேவையில்லை, சமன் செய்தால் போதும் என்று எங்கள் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்படிச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதல் பாதியில் பின்னால் நிற்கும் வேலையை எங்கள் ஆட்கள் வடிவாகச் செய்தார்கள். எட்டுப் பேரும் ஓடி வந்து வழியை அடைத்தார்கள். கதவு அகலக்காரர்கள் பக்கத்திலிருந்து அடித்து, பாதியைக் காற்றுக்குக் கொடுத்தார்கள். ஆனால் பந்து எங்களிடம் வந்த ஒவ்வொரு முறையும் நேரே அண்ணையிடம் போயிற்று. நாலாவது தடவைக்குப் பிறகு அவர்களுக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேர் அவரோடு ஒட்டிக்கொண்டார்கள்; பந்து வருமுன்பே அவர்கள் அங்கே நின்றார்கள். அண்ணை விழுந்தார், எழும்பினார், திரும்பவும் விழுந்தார். இடைவேளையில் ஐந்துக்கு ஒன்று.

மூன்று பேர் மாற்று ஆட்களாக வெளியே இருந்தார்கள். அண்ணையை இருத்திவிட்டு ஒருவனை இறக்கினால் போதும். எந்த ஊர்ப் பயிற்சியாளனும் அதைத்தான் செய்வான். அண்ணை கையால் வியர்வையை வழித்துக்கொண்டு என்னிடம் வந்தார். இதோ சொல்கிறேன் என்று வாயைத் திறந்தேன்.

“பயப்பிடாதை தம்பி, நான் நிக்கிறன்தானே” என்றார் அவர். என் தோளில் தட்டிவிட்டு, முழங்காலுக்குத் தண்ணீர் ஊற்றக் குழாயடிக்குப் போனார்.

அந்த ஒரு நிமிடத்தில் மற்றவர்களைக் கூப்பிட்டேன். “இனி அண்ணைக்குக் குடுக்காதேங்கோ” என்றேன்.

கரப்பந்தாட்டக்கார நெட்டையன், அணியிலேயே உயர எழும்புகிறவன், என்னைப் பார்த்துத் திகைத்துப்போனான். “அதெப்பிடிக் குடுக்காமல் விடுறது?”

“குடுக்காதேங்கோ. கேட்டாலும் குடுக்காதேங்கோ. அவரை நிமிந்து பாக்கவும் வேண்டாம்.”

“அண்ணைக்குச் சொல்லிட்டீங்களோ?”

“நான் பேந்து சொல்லுறன்” என்றேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் திட்டம் போடுகிறவன் நான். அவன் தலையாட்டினான்.

இரண்டாம் பாதி தொடங்கியது. அப்படி ஒரு ஆட்டத்தை எங்கள் அணி அதற்கு முன்போ பின்போ ஆடியதில்லை. அண்ணையோடு ஒட்டிய இரண்டு பேரும் அவரோடேயே திரிந்தார்கள். அதனால் மற்ற இடங்களில் எங்களுக்கு ஒரு ஆள் கூட. பந்து கிட்டக் கிட்டப் போய், தனியே நிற்பவனைத் தேடிக் கண்டுபிடித்தது. மாணவன் ஒரு புள்ளி. இன்னொருவன் ஒன்று. திரும்ப மாணவன். தாளில் கீறிய கோடுகள் புல்லில் ஓடின.

ஆனால் நான் வேறொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணை ஒவ்வொரு முறையும் நல்ல இடம் பார்த்து ஓடினார். இரண்டு கையையும் நீட்டினார். “இஞ்சை! இஞ்சை விடு!” என்று கத்தினார். பந்து அவரைத் தாண்டிப் போயிற்று. தன்னைக் காணவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் கிட்டப் போய்க் கேட்டார். எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு மற்றப் பக்கம் கொடுத்தார்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு அவர் கத்துவதை விட்டார். கையை மட்டும் நீட்டினார். நான் கோட்டுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தேன். ஓடிப் போய்ச் சொல்லவும் முடியவில்லை, ஆட்டத்தை நிறுத்தவும் முடியவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளியில் படித்தது என் உடம்பில் நடந்தது.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் ஏழுக்கு ஆறு. இன்னும் ஒரே ஒரு புள்ளி. இந்தக் கிழவனுக்கு இவர்கள் பந்து கொடுக்கப்போவதில்லை என்று எதிராளிகளுக்கு அப்போது நிச்சயமாகிவிட்டது. ஒட்டி நின்ற இருவரும் அவரை விட்டுவிட்டு எங்கள் பந்துக்காரர்களை அடைக்க ஓடினார்கள். கோலுக்கு நேரே, இருபது மீட்டர் தூரத்தில், அண்ணை தனியே நின்றார். அவரைச் சுற்றிப் பத்து மீட்டருக்கு ஒரு குருவி இல்லை.

நெட்டையன் எழும்பிப் பந்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். அண்ணையைக் கண்டான். அண்ணை கையை நீட்டினார். நான் வருடக்கணக்காகப் பார்த்த நெட்டையன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கணமே கொடுத்திருப்பான். ஆனால் அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கொடுக்கலாமா என்று என்னிடம் உத்தரவு கேட்டான்.

“குடு! குடு! அண்ணைக்குக் குடு!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். இரண்டு கையையும் ஆட்டினேன். அவன் முகம் தெளிந்தது. திரும்பினான். அதற்குள் பின்னால் வந்த ஒருவன் அவன் கையிலிருந்த பந்தைக் குத்தித் தட்டிவிட்டான். பந்து உருண்டு போயிற்று. அவர்கள் அதை எடுத்து, தூரத்துக்கு உதைத்தார்கள். நடுவர் விசில் ஊதினார்.

அணி போய்விட்டது.

எல்லாரும் புல்லில் இருந்தார்கள். நெட்டையன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தான். அப்போது அந்தத் தாதி ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தாள், நல்ல மனுசி. எங்களை ஆறுதல்படுத்தத்தான் வந்தாள். இல்லத்தில் கதைக்கிற அதே ஜெர்மனில், எல்லாருக்கும் விளங்கும்படி, இரண்டாம் பாதி அற்புதம் என்றாள். தலைவருக்குப் பந்தே கொடுக்காமல், அவரைக் காட்டி இரண்டு ஆட்களை வெளியே இழுத்து வைத்த மூளை யாருடையது என்று கேட்டாள். இடைவேளையில் நீ சொன்னதா என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். முதலாவது அணிக்கே உன்னைப்போல ஒருவன் தேவை என்றாள்.

அண்ணை தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நின்றார். போத்தலை மூடினார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். “அவங்களை இழுத்துக்கொண்டு நான் அங்காலை போய் நிண்டிருப்பன். ஒவ்வொருத்தனிட்டையும் கையை நீட்டிக் கேட்டுக்கொண்டு திரிஞ்சிருக்கமாட்டன்.”

இருபது வருடமாக இந்த மனுசனுக்கு முன்னால் வாய் திறக்க ஏலாது என்று இருந்தவன் நான். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் அவர் விலகி நின்றிருப்பார். அவரே மற்றவர்களை ஒழுங்குபடுத்தி, எனக்கு மேலால் ஒரு திட்டமும் போட்டிருப்பார். சொன்னால் கேட்கிற மனுசனாகவே நான் அவரை எண்ணவில்லை. யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பெரிய அவமரியாதை வேறில்லை. இதெல்லாம் அங்கே நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன பிரயோசனம்?

அப்வார்ட் வந்து குழாய்களைக் காட்டினார். எல்லாருமாக எழும்பி அவிழ்த்தோம். மாணவனும் இன்னும் இரண்டு பேரும் தாதியோடு முதலாவது அணிக்காரர் நின்ற பக்கம் போனார்கள். போகும்போது மாணவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். போ என்று கையைக் காட்டினேன்.

வழமைபோல அண்ணையின் வான் வண்டியில்தான் திரும்பினோம். நான் பின்னுக்கு ஏறப் போனேன். “முன்னுக்கு ஏறு” என்றார். ஏறினேன். வழியில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆரே ஆற்றுப் பாலத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது.

“அவன் தந்திருந்தாலும் நான் அடிச்சிருப்பனோ தெரியாது” என்றார் முன்னால் பார்த்தபடி. “முழங்கால் விட்டுப்போச்சு.”

“அடிச்சிருப்பியள் அண்ணை.”

பச்சை விழுந்தது, அவர் வண்டியை எடுத்தார். என் வீட்டு வாசலில் வானை நிறுத்தினார். நான் இறங்கி, கதவை மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். இப்போதாவது கேட்க வேண்டும். இருபது வருடத்துச் சோம்பலோடு நாக்கு கிடந்தது.

“வாற புதன் என்ன செய்யப்போறாய்?” என்று அவர் கேட்டார்.

“ஒண்டுமில்லை அண்ணை.”

“நானும்தான்” என்றார். கையை எட்டி, என் பக்கக் கதவை அவரே இழுத்து மூடினார்.